பி.சி.ஓ.எஸ்: மாத்திரைச் சீட்டோடு முடிந்துவிடாத கவனிப்பு

தாடையில் முளைக்கும் முடிக்கு ஒரு தோல் மருத்துவர். மூன்று மாதமாக வராத மாதவிடாய்க்கு ஒரு மகளிர் மருத்துவர். ஏறிக்கொண்டே போகும் எடைக்கு ஓர் உணவு ஆலோசகர். எதிலும் மனம் ஒட்டாமல், ராத்திரி தூக்கம் பிடிக்காமல் கிடப்பதற்கு யாருமே இல்லை. பி.சி.ஓ.எஸ் (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்ற ஹார்மோன் கோளாறு உள்ள ஒரு பெண்ணின் மருத்துவக் கோப்பைப் புரட்டினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஏதோ ஒரு மருந்து இருக்கும். எல்லாம் ஒரே கோளாறின் வெவ்வேறு முகங்கள் என்பது மட்டும் எந்தச் சீட்டிலும் இருக்காது.

இது அரிதான நோய் இல்லை. பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள் என்றும் சொல்கிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பெண்ணுக்கு இருக்கிற ஒன்று இப்படி அரைகுறையாகக் கவனிக்கப்படுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நல்ல கவனிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால், உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே நடப்பது என்ன?

வழக்கமாக ஒவ்வொரு மாதச் சுழற்சியிலும், முட்டையைச் சுமக்கும் சின்னஞ்சிறு பைகள் பல சினைப்பைக்குள் ஒன்றாக வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு முதிர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விடும். பி.சி.ஓ.எஸ்ஸில் இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. 2 முதல் 9 மில்லிமீட்டர் வரை உள்ள பைகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. ஸ்கேனில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிவது இவைதான். ரிப்போர்ட்டைப் பார்த்து 'நீர்க்கட்டி' என்று ஒரு வார்த்தை சொன்னதும், "கட்டியா? ஆபரேஷன் பண்ணணுமா? கேன்சரா மாறுமா?" என்று வீடே பதறிப்போகிறது. அவை வளர்ச்சி நின்றுபோன முட்டைப் பைகள், அவ்வளவுதான். வெட்டி எடுக்க வேண்டிய கட்டி அங்கே எதுவும் இல்லை. இதை அந்த அறையிலேயே, அந்த நிமிடமே சொல்லிவிட்டால் எத்தனையோ பேருக்கு அன்றைய தூக்கம் கெடாது.

1935இல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெயின், லெவென்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார்கள். மாதவிடாய்க் கோளாறும் பெரிதாகிப்போன சினைப்பையும் சேர்ந்து வருவதை ஒரே நிலையாக அவர்கள் விவரித்தார்கள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுப்பதே அவர்கள் செய்த சிகிச்சை. வெகுகாலம் மருத்துவத்தின் கண் சினைப்பையை விட்டு அகலவே இல்லை. ஆனால் இந்தக் கோளாறு அங்கே மட்டும் இல்லை, உடம்பு முழுக்கப் பரவியிருக்கிறது.

நடுவில் நிற்பவை இரண்டு ஹார்மோன்கள். ஒன்று ஆண்ட்ரோஜன். ஆண் ஹார்மோன் என்று சொன்னாலும் எல்லாப் பெண்களின் உடம்பிலும் இது கொஞ்சம் சுரக்கும். பி.சி.ஓ.எஸ்ஸில் அளவு கூடிவிடுகிறது. முகத்தில் முடி, பரு, உச்சந்தலையில் முடி மெலிவது எல்லாம் அதனால் வருபவை. இன்னொன்று இன்சுலின். பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலின் சொல்வதைத் தசையும் கொழுப்பும் சரியாகக் கேட்பதில்லை. காது மந்தமானவரிடம் பேசும்போது குரலை உயர்த்துவது போல, கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது. சினைப்பைக்கோ காது நன்றாகவே கேட்கிறது. அத்தனை சத்தமும் அதன் மேல் விழ, அது தூண்டப்பட்டு ஆண்ட்ரோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது. போதாததற்கு, ரத்தத்தில் ஆண்ட்ரோஜனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் உற்பத்தி செய்வதையும் அதிக இன்சுலின் குறைத்துவிடுகிறது. கட்டுப்பாடில்லாமல் திரியும் ஆண்ட்ரோஜனின் அளவு மேலும் ஏறுகிறது. இது ஒல்லியான பெண்களுக்கும் நடக்கும். "நீ ஒல்லியாத்தானே இருக்கே, உனக்கெல்லாம் வராது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர்.

முட்டை வெளியேறாத மாதங்களில் இன்னொன்றும் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்பூச்சைத் தடிமனாக்கிக்கொண்டே போகும். அதை அடக்கி, ஒழுங்காக உதிரச் செய்ய வேண்டிய புரோஜெஸ்டிரோன் வராது. வருடக்கணக்கில் இப்படியே விட்டால் கருப்பை உட்பூச்சில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. மொத்தமாகப் பார்த்தால் அது சிறிய வாய்ப்புதான், பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் மாதவிடாய் 90 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் "வரும்போது வரட்டும்" என்று விடக்கூடாது. மருத்துவரைப் பார்த்து, மருந்து மூலமாகவாவது வரவைக்க வேண்டும்.

நோயின் பெயர் தெரியவே ஏன் இத்தனை காலம்?

2003இல் ராட்டர்டாம் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த விதிதான் இன்றைக்கும் அடிப்படை. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் ஏதாவது இரண்டு இருந்தால் பி.சி.ஓ.எஸ். ஆண்ட்ரோஜன் மிகுதி என்பது ரத்தப் பரிசோதனையில் தெரியலாம், முடி, பரு போன்ற அறிகுறிகளிலும் தெரியலாம். தைராய்டு கோளாறு, தாய்ப்பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் கூடிப்போவது, அட்ரினல் சுரப்பிக் கோளாறு ஆகியவை இதே போல வேடம் போடும் என்பதால் அவை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி இதை இன்னும் எளிதாக்கியது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் உருவான இந்த வழிகாட்டியில், மருத்துவர்களோடு பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்களும் பங்கெடுத்தார்கள். மாதவிடாயும் ஒழுங்கில்லை, முகத்திலும் உடம்பிலும் முடி அதிகம் என்றால் ஸ்கேனே வேண்டாம் என்கிறது அது. ஸ்கேன் தேவைப்படும் பெரியவர்களுக்கு, அதற்குப் பதிலாக ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையையும் பயன்படுத்தலாம். ஸ்கேன் வசதிக்காக நெடுந்தூரம் போக வேண்டியவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பதின்ம வயதுப் பெண்களுக்கு விதி வேறு. அந்த வயதில் சினைப்பையில் நிறையப் பைகள் தெரிவது இயல்பு. அதனால் வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து முடிவு செய்யக்கூடாது, ஏ.எம்.எச்.சையும் நம்பக்கூடாது. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்ட்ரோஜன் மிகுதி இரண்டுமே இருந்தால்தான் பி.சி.ஓ.எஸ். ஒன்று மட்டும் இருந்தால் "வாய்ப்பு இருக்கிறது, சில வருடம் கழித்து மறுபடி பார்ப்போம்" என்று சொல்லி, அதுவரை அந்த அறிகுறிக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் போதும். பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஒரே ஒரு ஸ்கேனைக் காட்டி "உனக்குக் குழந்தை பிறக்கிறது கஷ்டம்" என்று சொல்வது கொடுமை. அது உண்மையும் இல்லை.

எது ஒழுங்கற்ற மாதவிடாய்? வயதுக்கு வந்த முதல் வருடம் எப்படி இருந்தாலும் இயல்புதான். மூன்று வருடம் கடந்த பிறகு 21 நாளுக்கு முன்பே வந்தாலோ, 35 நாளுக்கு மேல் தள்ளிப்போனாலோ, வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வந்தாலோ கவனிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் 45 நாள் வரை தள்ளிப்போகலாம்.

விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் தாமதம்? 2017இல் வெளியான ஓர் ஆய்வில் பல நாடுகளைச் சேர்ந்த 1,385 பெண்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒருவருக்குப் பெயர் தெரியவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஏறக்குறைய பாதிப் பேர் அதற்குள் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளர்களைப் பார்த்திருந்தார்கள். தங்களுக்குக் கிடைத்த விளக்கம் திருப்தி அளித்தது என்று சொன்னவர்கள் சுமார் 16 சதவீதம்தான்.

காரணங்களைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். அறிகுறி ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் தெரியும். "இந்த வயசுல பரு வரத்தான் செய்யும்", "டென்ஷன்ல பீரியட்ஸ் தள்ளிப்போகும்" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் கைவசம் இருக்கிறது. பதினாறு வயதில் மாதவிடாயைச் சீராக்க என்று கருத்தடை மாத்திரையைக் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கும் கோளாறு அதை நிறுத்தும்வரை வெளியே தெரியாது. மாத்திரை சாப்பிடும்போது ஹார்மோன் பரிசோதனை செய்தால் முடிவும் சரியாக இருக்காது. மூன்று மாதமாவது நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். அந்த இடைவெளிக்கு வேறு கருத்தடை வேண்டும் என்பதையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

இன்னொரு காரணம் பலர் யோசிக்காதது. மருத்துவரைப் பார்க்கக் கிளம்பும் காலையில் அந்தப் பெண் குளியலறைக் கண்ணாடி முன் நிற்கிறாள். வெளிச்சம் விழும் பக்கம் முகத்தைத் திருப்பி, தாடையின் அடியில் விரலால் தடவிப் பார்த்து, தட்டுப்படும் ஒவ்வொரு முடியையும் இடுக்கியால் பிடுங்குகிறாள். சிவந்த இடத்தில் கொஞ்சம் பவுடர். மருத்துவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்க்கும்போது முகம் மழமழவென்று இருக்கிறது. 'முடி வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடுகிறார். "முகத்தில் முடி எடுப்பதுண்டா? எப்படி எடுப்பீங்க, எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாமே மாறியிருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதைப் போன்ற மருத்துவத் தகவல்தான் இதுவும்.

"எடையைக் குறைச்சுட்டு வாங்க"

பி.சி.ஓ.எஸ் உள்ள பெண்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். எடை கொஞ்சம் குறைந்தால் பலருக்கு மாதவிடாய் சீராகும், இன்சுலின் நிலைமையும் தேறும் என்பது உண்மை. ஆனால் பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு எடை ஏறுவதும் மற்றவர்களைவிட வேகமாக நடக்கிறது. உடம்பே எதிர்த்து நிற்கும்போது, வழி எதுவும் காட்டாமல் "குறைச்சுட்டு வா" என்று மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சையாகாது. அப்படி அனுப்பப்பட்டவர் குறைக்க முடியாமல் போனதும் அவமானப்பட்டு, அடுத்த முறை போகவே மாட்டார். சர்க்கரைப் பரிசோதனை, ரத்த அழுத்தம், மனநலம் எல்லாம் அதோடு விட்டுப்போகும்.

2023 வழிகாட்டி எடை குறித்த அவமதிப்பை ஒரு மருத்துவப் பிரச்சினையாகவே எடுத்துப் பேசுகிறது. எடை பார்க்கும் முன் அனுமதி கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொல்கிறது. எடை குறையாவிட்டாலும் நல்ல உணவும் உடற்பயிற்சியும் உடம்புக்குப் பலன் தருகின்றன என்பதையும் வலியுறுத்துகிறது. பி.சி.ஓ.எஸ்ஸுக்கென்று தனி டயட் எதுவும் மற்றதைவிட மேல் என்று நிரூபிக்கப்படவில்லை. விடாமல் கடைப்பிடிக்க முடிகிற, சமச்சீரான உணவு எதுவும் சரி. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. எல்லாருக்கும் சொல்லும் அளவுதான் இதுவும்.

மனசையும் பார்க்க வேண்டும்

பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மற்ற பெண்களைவிட அதிகம். உணவுப் பழக்கக் கோளாறுகளும் அதிகம். ஆகவே பி.சி.ஓ.எஸ் என்று தெரியும்போதே எல்லாருக்கும் மனச்சோர்வு, பதற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது பரிந்துரை. ஒரு சிறிய கேள்வித்தாள், சில நிமிடங்கள், அவ்வளவுதான் செலவு. "கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா?" என்று கேட்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இருந்தும் விட்டுப்போவது இதுதான். முகத்து முடியோ, வராத மாதவிடாயோ, ஒவ்வொரு விசேஷத்திலும் "எப்ப குழந்தை?" என்ற கேள்வியோ ஒரு பெண்ணை உள்ளுக்குள் என்ன செய்கிறது என்று யாரும் விசாரிக்காவிட்டால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடும் தெம்புகூட அவளிடம் மிஞ்சாது.

மருந்து யாருக்கு எது?

எல்லாருக்கும் ஒரே மருந்து கிடையாது. இப்போது உங்களை அதிகம் வாட்டுவது எது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாதவிடாயைச் சீராக்கவும், முடி, பருவைக் குறைக்கவும் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை முதல் தேர்வு. ரத்தம் உறையும் கோளாறு இருப்பவர்களுக்கும், கண்ணில் மின்னல் போல வெட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அது ஆகாது என்பதால் முன்கதையைக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். இன்சுலின், சர்க்கரைப் பிரச்சினைக்கு மெட்ஃபார்மின். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டினால் பலருக்குப் பழகிவிடும். இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான் பலர் முதல் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். முகத்து முடிக்கு லேசர் உதவும். மாத்திரையால் முடி குறைய ஆறு மாதமாவது ஆகும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் மாதமே நம்பிக்கை போய்விடும்.

குழந்தை விஷயத்தில் இரண்டு தவறான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, "உனக்குக் குழந்தை பிறக்காது". பி.சி.ஓ.எஸ் உள்ள பெரும்பாலான பெண்கள் குழந்தை பெறுகிறார்கள், சிலர் சிகிச்சை இல்லாமல், சிலர் உதவியோடு. முட்டை வெளியேறச் செய்ய இன்று முதலில் தரப்படும் மருந்து லெட்ரோசோல். 2014இல் வெளியான, 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும், அதுவரை வழக்கத்தில் இருந்த குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. இன்னொரு பேச்சு, "குழந்தை வேணும்னு நினைக்கும்போது வா, அப்ப பாக்கலாம்". குழந்தை வேண்டாம் என்று இருப்பவருக்கும் இது அன்றாடத் தொல்லைதான். முட்டை எப்போதாவது வெளியேறும் என்பதால், கர்ப்பம் வேண்டாதவருக்குக் கருத்தடையும் தேவை. கர்ப்பமானால் கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், தனக்கு பி.சி.ஓ.எஸ் உண்டு என்பதைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒருவர் பொறுப்பெடுக்க வேண்டும்

என்னைக் கேட்டால், கவனிப்பில் முதலில் மாற வேண்டியது இதுதான். சிறப்பு மருத்துவர்கள் பலர் தேவைப்படலாம். ஆனால் அத்தனை சீட்டுகளையும் சேர்த்துப் படிக்க ஒருவர் வேண்டும். அது பொது மருத்துவராகவோ குடும்ப மருத்துவராகவோ இருந்தால் போதும். நோயைப் பற்றிய விளக்கம் எழுத்தில், பெண்ணுக்குப் புரிகிற மொழியில் கைக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த பரிசோதனை எப்போது என்று அதில் தேதி போட்டிருக்க வேண்டும்.

அந்தப் பரிசோதனைகளும் பெரிதாக ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் வருடா வருடம். கொழுப்பு, தெரிந்தவுடன் ஒருமுறை, அப்புறம் தேவையைப் பொறுத்து. சர்க்கரை, ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை. சர்க்கரைக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை மட்டும் போதாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனைதான் தொடக்கநிலைக் கோளாறைச் சரியாகக் காட்டும். குறட்டையும் பகலில் அடக்க முடியாத தூக்கமும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு பி.சி.ஓ.எஸ்ஸோடு சேர்ந்து வருவதுண்டு. குரல் தடித்துப்போவது, சில மாதங்களிலேயே முடி வேகமாகப் பெருகுவது இரண்டும் பி.சி.ஓ.எஸ்ஸின் வழக்கம் இல்லை. அப்படி இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கடந்த ஒரு வருடத்தில் மாதவிடாய் வந்த தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். செல்போனில் குறித்து வைத்திருந்தாலும் சரி. சாப்பிட்ட மருந்துகளின் பெயர், பழைய ரத்த ரிப்போர்ட், உங்களை அதிகம் வருத்தும் விஷயம் எது என்று ஒரே வரி. "இப்ப எனக்கு முகத்து முடிதான் பெரிய கவலை" என்று நீங்கள் சொன்னால், பேச்சு எடையில் தொடங்கி எடையிலேயே முடிய வாய்ப்பு குறைவு.

மாதவிடாய் நின்ற பிறகும் இந்தக் கோப்பை மூடிவிடக் கூடாது. சுழற்சித் தொல்லை ஓய்ந்துவிடும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான வாய்ப்பு கூடவே வரும். வீட்டில் மற்றவர்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பி.சி.ஓ.எஸ்ஸில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அக்கா தங்கைகளுக்கும் மகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும்கூட சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருக்கலாம். அதனால் நீங்கள் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும் அன்று அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.